பெட்டரியைத் திட்டாதீர்கள், செயினைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து டிவிஷனில் இருந்து ஒரு தம்பி செயின்சோவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணே, வாங்கி மூணு மாசம்தான் ஆகுது. பெட்டரி செத்துப்போச்சு. நாலு சவுக்குக் கொப்பு வெட்டினா நின்னுடுது."

மெசினைக் கையில் வாங்கவே தேவைப்படவில்லை. அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மரத்தூள் கோதுமை மா மாதிரி இருந்தது. பெட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதே புலம்பலை நானும் புலம்பியிருக்கிறேன். 2022-ல் இலங்கை முழுக்கப் பெட்ரோல் வரிசையில் நாள்கணக்காக நின்றோமே, அந்தக் காலம். கானில் பெட்ரோல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வாகனத்துக்காவது வரிசை இருந்தது, செயின்சோவை வரிசையில் நிறுத்த முடியுமா? கையில் இருந்ததைப் போட்டு 36 வோல்ட் பெட்டரி மெசின் ஒன்று வாங்கினேன். அப்புறம் நான் செய்த கூத்துகளையே இப்போது புதிதாக வாங்குகிறவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, காலுக்குப் பூட்ஸ் எல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

மொட்டைச் செயினோடு மல்லுக்கட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான்.

வாங்கிய இரண்டாம் மாதம் என் மெசினும் பாதி வேலையில் நிற்கத் தொடங்கியது. சிவப்பு விளக்கு மின்னும், பெட்டரியைத் தொட்டால் சுடும். டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பெட்டரி வீக், இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மெசின் விலையில் பாதிக்குக் கிட்ட கொடுத்து வாங்கிவந்தேன். புதுப் பெட்டரியும் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்றது.

அப்புத்தளைப் பக்கம் மரம் அரிகிற பெரியவர் ஒருவரிடம் சொல்லி அழுதேன். பெட்டரியைக் கழற்றச் சொன்னார். செயினின் ஒரு பல்லைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்தார். கூரான பல் நகத்தைச் சுரண்டும். என்னுடையது கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. "இதை வச்சு நீ மரம் வெட்டல தம்பி, தேச்சிக்கிட்டு இருந்திருக்க" என்றார். அரத்தை எடுத்துக் கால் மணி நேரம் ராவினார். செத்துப்போனதாகச் சொன்ன அந்தப் பழைய பெட்டரியிலேயே மீதிக் கொப்பு முழுவதையும் வெட்டி முடித்தேன். அரத்தின் விலை சில நூறு ரூபாய். இரண்டாவது பெட்டரியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காரணம் இதுதான். 36 வோல்ட், 5 ஆம்பியர் மணி பெட்டரியில் இருக்கும் சக்தி 180 வாட் மணி. ஒரு லீட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9,000 வாட் மணி இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாக வீணாக்கினாலும் மிச்சம் தாராளம். அதனால் பெட்ரோல் மெசின் மொட்டைச் செயினையும் இழுத்துக்கொண்டு ஓடும், நமக்குத் தெரியாது. பெட்டரி மெசினில் வீணாக்க ஒன்றும் இல்லை. செயின் மழுங்கினால் நாம் அழுத்துகிறோம், மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது, பெட்டரி சூடேறுகிறது, உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்திவிடுகிறது. ஆபத்தும் இதில்தான். அழுத்தி வெட்டுகிறவன் வெட்டு முடியும் நொடியில் பாரம் விட்டு முன்னால் சாய்கிறான். அங்கே கால் இருக்கிறது.

தூளைப் பார்த்தால் போதும். தேங்காய்த் துருவல் மாதிரி விழுந்தால் வெட்டலாம். மா மாதிரி பறந்தால் நிறுத்துங்கள்.

மழுக்குவது பெரும்பாலும் மரமில்லை, மண். நம் மழையில் சிவப்பு மண் தெறித்து மரத்தின் அடி முழங்கால் உயரத்துக்குப் பூசியிருக்கும். இழுத்துவந்த கட்டையின் பட்டைக்குள்ளும் மண் இருக்கும். வெட்டுமுன் அந்த இடத்துப் பட்டையைக் கத்தியால் சீவிவிடுங்கள். கட்டைக்கு அடியில் ஒரு சின்னக் கட்டையைத் தலையணைபோல் கொடுங்கள். ஓடுகிற செயின் ஒரு நொடி நிலத்தில் பட்டால் போதும், காலையில் ராவியது வீண். வேலியோரச் சவுக்கு என்றால் முள்ளுக்கம்பி அடித்த பழைய ஆணி உள்ளே புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த அளவு மெசின்களில் வழக்கமாக வரும் லோ புரோஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீற்றர் உருண்டை அரம். உங்கள் செயினுக்கு எது என்று புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல்லின் மேலே ஒரு கோடு இருக்கும், பெரும்பாலும் 30 பாகை. அந்தச் சாய்வில் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தடவை என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றுதான். ஒரு பக்கத்துப் பற்களை மட்டும் கூடுதலாக ராவினால் வெட்டு வளைந்துகொண்டு போகும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்னத் திமிலை நாலைந்து ராவலுக்கு ஒருமுறை தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்கவேண்டும். லோ புரோஃபைல் செயினில் பல்லின் நுனிக்கும் திமிலுக்கும் 0.65 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் சரி. "நல்லாக் கடிக்கட்டும்" என்று அதற்கு மேல் இறக்கினால் மெசின் கையை விட்டுத் துள்ளும்.

சத்தம் இல்லை, அதனால் ஓடவில்லை

பெட்ரோல் மெசின் உயிரோடு இருக்கிறதா என்று நாலு நிரைக்கு அப்பால் நிற்கிறவனுக்கும் தெரியும். இது பூனை. என்னோடு வேலை செய்த ஒருவன் பின்கைப்பிடியைப் பிடித்தபடியே, சிக்கிய பட்டை நாரை மற்றக் கையால் பிடுங்கினான். பிடித்திருந்த கை பூட்டையும் விசையையும் சேர்த்தே அமுக்கிவிட்டது. போனது கையுறையின் நுனி மட்டும். செயினில் விரல் வைக்குமுன் பெட்டரி வெளியே வரவேண்டும். ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் அப்படித்தான்.

மூக்கால் வெட்டுவது

வெட்டிப்போட்ட கொப்புக் குவியலில்தான் இது நடக்கும். ஒன்றை வெட்டும்போது பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனி, அதுவும் அதன் மேல் பாதி, மறைந்திருக்கும் இன்னொன்றில் முட்டினால் பார் முகத்தை நோக்கி எழும்பும். யோசிக்க நேரம் இருக்காது. குவியலைக் கலைத்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள்.

சரிவில் கீழ்ப்பக்கம் நிற்பது

எப்போதும் மேல்பக்கம். நான் துண்டுபோட்ட டர்பன்டைன் மரக் கட்டை ஒன்று நாலு தேயிலை நிரையைத் தாண்டி உருண்டு லயத்துக் கோழிக்கூட்டில் போய் நின்றது. இரண்டு கோழிக்குக் காசு கொடுத்தேன். கீழே நான் நின்றிருந்தால் அந்தக் கணக்கு வேறு.

ஏணி

வேண்டாம்.

பெட்ரோல் இல்லையே, எண்ணெய் எதற்கு?

செயினுக்கு எண்ணெய் வேண்டும், எந்த மெசினாக இருந்தாலும். பெட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் தொட்டியைப் பாருங்கள். பாரின் நுனியை வெள்ளை வெட்டுமுகத்துக்கு எதிரே, தொடாமல் பிடித்து ஓட்டினால் எண்ணெய்க் கோடு தெறிக்கவேண்டும். லொறி எஞ்சினில் இருந்து இறக்கிய பழைய கறுப்பு எண்ணெயை ஊற்றாதீர்கள், அதில் இருக்கும் இரும்புப் பொடி பம்பைத் தின்றுவிடும். வைத்த இடத்தில் கொஞ்சம் கசியும், அது கோளாறு இல்லை. ஒரு உரச் சாக்கை விரித்துவிடுங்கள்.

சூட்டில் இறுக்குவது

ஓடிச் சூடான செயின் தளரும், இறுக்கலாம். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கும்.

சார்ஜ்

சுடுகிற பெட்டரியை நேராகச் சார்ஜரில் குத்தாதீர்கள், ஆறட்டும். நுவரெலியாப் பக்கத்து ஆட்கள் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. தை மாசி விடியலில் புல்லில் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும்போது, கொட்டகையில் இரவெல்லாம் கிடந்த பெட்டரிக்குச் சார்ஜ் போடுகிறார்கள். பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்துவிடும், அது திரும்ப வராது. வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் போனபிறகு போடுங்கள். மாதக்கணக்கில் வேலை இல்லாவிட்டால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

பதிவும் பலாவும்

செயின்சோவைப் பொலிசில் பதியவேண்டும் என்று 2019-ல் அரசாங்கம் சொன்னது ஞாபகம் இருக்கும். வாங்கும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது, சொந்தத் தோட்டமாக இருந்தாலும். 1951-ம் ஆண்டுச் சட்டம். அதில் பெட்டரி மெசினுக்குச் சலுகை கிடையாது.