இணைய வகுப்பில் டேட்டாவை மிச்சப்படுத்த

பதிவு செய்த விரிவுரையைப் பார்க்கும் முன், அதன் ஸ்லைடுகள் உள்ள பிடிஎஃப் கோப்பை இறக்கித் தனியே திறந்து வைத்துக்கொண்டு, வீடியோ தரத்தை 144பி-க்குக் குறைத்துவிடுங்கள். டேட்டாவை விழுங்குவது படம்தான், குரல் அல்ல. நொடிக்கு 64 கிலோபிட் வீதம் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 29 எம்பி-யில் அடங்கிவிடும். 720பி படமோ பல நூறு எம்பி கேட்கும். சூத்திரத்தின் கீழ்க்குறிகூட பிடிஎஃப்பில் பளிச்சென்று தெரியும். ஆசிரியர்களே, வீடியோவுடன் அந்தக் கோப்பையும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். இணைப்பு மெதுவாக உள்ள மாணவருக்கு அது பேருதவி.

பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும் வகுப்பு, நிரல் எழுதும் செயல்விளக்கம், ஆய்வகச் சோதனை ஆகியவற்றுக்கு இது ஒத்துவராது. அவற்றை எழுத்து தெளிவாகத் தெரியும் தரத்திலேயே பாருங்கள்.