இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு: வெளியூர் ஃபுட்பால் மேட்ச் போய்வர

செப்டம்பர் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் வந்து விசாரிப்பார்கள். பேங்க், வாடகை வீடு, பார்ட் டைம் வேலை எல்லாம் கேட்டு முடித்து, அப்பச்சி கொஞ்சம் தள்ளிப் போனதும் மெதுவாக வருவது மேட்ச் பேச்சு. நல்லதுதான், போங்கள். அதுவும் நீங்கள் இருக்கும் ஊர் டீமோடு வெளியூர் போய் அன்றைக்கே திரும்புகிற மேட்சாகப் பார்த்துப் போங்கள். பக்கத்து சீட்காரர் தானாகப் பேச்சுக் கொடுப்பது வெளியூர் ரசிகர் பகுதியில்தான். உள்ளூர் மைதானத்தில் அது அபூர்வம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: திரும்பி வரும் ரயிலை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் திட்டம் போட வேண்டும். போவதற்கு எப்படியும் வழி கிடைத்துவிடும். முன்பின் தெரியாத ஊரில், டிசம்பர் குளிரில், ராத்திரி 11 மணிக்கு நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

வழக்கமான நேரம் சனிக்கிழமை மதியம் 3 மணி. இடைவேளையும் கூடுதல் நிமிஷங்களும் சேர்ந்து முடிய 5 மணி ஆகும். கூட்டத்தோடு வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். சில மேட்சுகளில் வெளியூர்க்காரர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துத்தான் போலீஸ் விடும். ஆகவே 6 மணிக்கு முந்திய ரயிலை நம்ப வேண்டாம். ஜூனில் வரும் அட்டவணையையும் நம்ப வேண்டாம். டிவிக்காக மேட்சைச் சனி 12.30க்கோ, மாலை 5.30க்கோ, ஞாயிற்றுக்கிழமைக்கோ, திங்கள் இரவு 8 மணிக்கோ மாற்றிவிடுவார்கள். இரவு 8 மணி மேட்ச் முடிய 10 ஆகும். அதற்குமேல் பல ஊர்களுக்கு ரயிலே கிடையாது. ஞாயிறு என்றால் தண்டவாள வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவார்கள். தேதியும் நேரமும் உறுதியான பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள்.

நம் பல்லவன் எக்ஸ்பிரஸில் இரண்டு மாதம் முன்னால் எடுத்தாலும் முந்தின நாள் எடுத்தாலும், தட்கல் இல்லையென்றால், சென்னைக்கு ஒரே கட்டணம்தான். அங்கே அப்படி இல்லை. அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும்; தவறவிட்டால் புது டிக்கெட், முழு விலை. ஆஃப்-பீக், அதாவது நெரிசல் நேரம் தவிர மற்ற நேரத்துக்கான டிக்கெட்டில், அந்த நேரங்களுக்குள் எந்த ரயில் என்ற கட்டு இல்லை. பல தடங்களில் ஆஃப்-பீக் ஒருவழிக்கும் போகவரவுக்கும் சில்லறை வித்தியாசம்தான் இருக்கும். மேட்சுக்கு நான் ஆஃப்-பீக்கைத்தான் சொல்வேன்; மேட்ச் முடியும் நேரம் நம் கையில் இல்லை. 16-25 வயதுக்காரர்களுக்கான ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை வாங்கினால் டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவர் என்றால் கிடைக்கும், பலருக்கு இது தெரிவதில்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு இதையெல்லாம் விட ரசிகர்களுக்கான கோச் பஸ் உத்தமம். மேட்ச் எப்போது முடிந்தாலும் காத்திருந்து கூட்டி வந்துவிடும். அதில் மது குடிக்கக்கூடாது, 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டில் இதைச் சொல்லியே அனுமதி வாங்கிவிடலாம்.

மேட்ச் டிக்கெட்டை உங்கள் கிளப்பிடம்தான் வாங்க வேண்டும். பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 2016-17 முதல் 30 பவுண்டுதான் உச்ச விலை. ஆனால் ஒதுக்குவது 3,000 இடம், அல்லது மைதானத்தின் பத்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அது. வருஷக்கணக்காகப் போய்வந்து பாயிண்ட் சேர்த்தவர்களுக்குப் போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. முதல் வருஷம் லீக் ஒன், லீக் டூ என்ற கீழ்ப்பிரிவு லீக்குகள் பக்கம் பாருங்கள். டிக்கெட் சுலபம், ஆட்டத்தில் உயிரும் இருக்கும். வாசலில் பிளாக்கில் விற்பது 1994 முதல் குற்றம், பக்கமே போகாதீர்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று உள்ளூர்க்காரர் பகுதியில் நம் டீம் சட்டையோடு போய் உட்காரவும் கூடாது. ஸ்டூவர்ட், அதாவது கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மைதான ஊழியர், வெளியே அனுப்பிவிடுவார்.

உட்கார சீட் இருந்தாலும் வெளியூர் பகுதியில் 90 நிமிஷமும் நின்றுதான் பார்ப்பார்கள். குளிர் சிமென்ட் தரை வழியாகக் காலில்தான் ஏறும்; இரண்டு காலுறை போடுங்கள். நியூகாசில் போனால் வெளியூர்க்காரர்களுக்கு இடம் உச்சியில், படி ஏறியே மூச்சு வாங்கும். ஏ4 அளவுக்கு மேல் பையைப் பல இடங்களில் விடமாட்டார்கள். இடைவேளையில் எல்லோரும் கப்பில் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக் கடுங்காப்பி என்று வரிசையில் நின்றுவிடாதீர்கள். அதன் பெயர் போவ்ரில், மாட்டிறைச்சிச் சாறு. 'பை' (pie) என்று விற்கும் பலகாரத்துக்குள்ளும் பெரும்பாலும் இறைச்சிதான். சைவம் என்றால் சீஸ் அண்ட் ஆனியன் என்று கேட்டு வாங்குங்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் ரயிலிலேயே சாப்பிட்டுவிடுவது இன்னும் நிம்மதி.

சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்குக் கூட்டமும் நெரிசலும் புதிதில்லை. பாட்டுதான் புதிது. அர்த்தம் புரியாத பாட்டைக் கூடச் சேர்ந்து பாடாதீர்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் செத்துப்போனார்கள். 1958இல் மியூனிக் விமான விபத்தில் 23 பேர். அதில் 8 பேர் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். இந்தச் சாவுகளைக் கேலி செய்து எதிரணியைச் சீண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரியாமல் வாயசைத்தாலும் கேமராவில் விழும். கிளப் தடை போடும், வழக்கும் வரலாம். மைதானத்துக்குள் இறங்கி ஓடுவதும் 1991 சட்டப்படி குற்றம். மாணவர் விசாவில் இருப்பவருக்கு போலீஸ் கேஸ் சின்ன விஷயமில்லை.

உங்கள் நிறத்தைச் சொல்லி யாராவது கத்தினால் பதிலுக்குக் கத்த வேண்டாம். அவர் நிற்கும் பிளாக், வரிசை, சீட் எண்ணைப் பார்த்து ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள். நிறவெறிக் கோஷமும் அதே 1991 சட்டத்தில் குற்றம்தான். கூட நிற்கிற நம் டீம்காரர்களே முன்வந்து சாட்சி சொல்வதும் உண்டு.

அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மேட்ச் முடியும்போது இங்கே ராத்திரி பத்தரை. ஆத்தா உறங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரயில் ஏறியதும் ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். மேட்ச் டிக்கெட், ரயில் டிக்கெட், ரயில்கார்டு மூன்றும் அந்தப் போனுக்குள்தான் இருக்கும் என்பதால், பவர் பேங்க்கை முந்தின நாள் ராத்திரியே சார்ஜில் போடுங்கள்.