ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் 'ஹைப்போபிளாஸ்டிக்' என்று இருந்தால் எப்படிப் படிப்பது?

பாம்பனில் பெரியப்பாவுக்குத் தலைசுற்றல். மதுரைக்குக் கூட்டிப்போய் கழுத்துக்கும் மூளைக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தோம். 'ரைட் வெர்டிப்ரல் ஆர்ட்டரி ஹைப்போபிளாஸ்டிக்' என்று ஒரு வரி. திரும்பி வரும் பஸ்ஸில் அதைக் கூகுளில் தட்டிப் பார்த்தவன் நான்தான், பரமக்குடி தாண்டுவதற்குள் வீட்டில் எல்லோரும் போனில் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் கடைசியில் உள்ள 'இம்ப்ரஷன்' (முடிவுச் சுருக்கம்) பகுதியைப் படியுங்கள். அப்புறம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களை எண்ணுங்கள்: கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் முதுகெலும்புத் துளைகள் வழியாக ஏறும் இரண்டு வெர்டிப்ரல். நாலு வரத்துக்காலும் ஒரு கண்மாய்க்கு வந்து சேர்வது மாதிரி, மூளையின் அடியில் 'வில்லிஸ் வளையம்' என்ற இடத்தில் இவை இணைகின்றன. தாமஸ் வில்லிஸ் 1664-இல் அதை விவரித்தார். புத்தகப் படத்தில் இருப்பது போல முழு வளையம் உள்ளவர்களே குறைவு.

ஹைப்போபிளாஸ்டிக் என்றால் பிறவியிலேயே ஒல்லி, அடைப்பு இல்லை. வெர்டிப்ரல் இரண்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை, இடது பெரிதாக இருப்பதுதான் அதிகம். எப்படிப் பிரித்தறிவது? பிறவி ஒல்லி, பெரும்பாலும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கும், சி.டி. ஸ்கேனில் பார்த்தால் எலும்பில் அது நுழையும் துளையும் பல நேரம் சின்னதாகவே இருக்கும்; கொழுப்புப் படிந்த குழாயோ ஓரிடத்தில் மட்டும் இறுகித் தெரியும்.

'ஃபீட்டல் பி.சி.ஏ.' என்பது கருவில் இருந்த இணைப்பு அப்படியே தங்கிவிட்டது, மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய்க்கு (அதுதான் பி.சி.ஏ.) ரத்தம் கரோட்டிடிலிருந்தே வருகிறது என்று அர்த்தம். 'போவைன் ஆர்ச்' என்றால் இடது கரோட்டிட், இதயத்திலிருந்து வரும் பெருங்குழாயின் வளைவில் தனியாகக் கிளம்பாமல் வலப்பக்கம் போகும் கிளையோடு சேர்ந்து கிளம்புகிறது என்று அர்த்தம். பெயரில் மாடு இருக்கிறது, ஆனால் மாட்டுக்கு அமைப்பே வேறு!

ஸ்டெனோசிஸ் (குழாய் சுருங்குதல்), அக்லூஷன் (முழு அடைப்பு), டிசெக்‌ஷன் (குழாய்ச் சுவர் கிழிதல்), அனியூரிசம் (குழாய் பலூன் போல வீங்குதல்) என்ற சொற்கள் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டு உட்காராமல் உடனே 108.

ஒல்லிக்குழாய் இருந்தால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? அப்படியும் இல்லை. ஒரு பக்கம் அடைத்தால் மாற்றுவழி குறைவு, அதனால் பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைக்கச் சொல்வார்கள். பின்னால் மணிக்கட்டு வழியாகக் கழுத்து, மூளைக்கு ஆஞ்சியோ செய்ய நேர்ந்தால் போவைன் ஆர்ச் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், கதீட்டர் (உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) வளைந்து போகும் வழியே மாறும்.

நம் பக்கத்து உப்புக்காற்றில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், படங்கள் பதிந்த சி.டி. டிஸ்க்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.