அணி தேட அகராதி போதாது

உயர்தரத் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் பலர் அணி, யாப்பு போன்ற இலக்கியக் கலைச்சொற்களுக்கு ரியூசன் குறிப்பில் உள்ள ஒருவரி விளக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு போகிறார்கள். செய்யுள் மாறினால் கை நின்றுவிடும். உதாரணம் இல்லாத கலைச்சொல் கையேட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தற்குறிப்பேற்ற அணியையே பாருங்கள். 'இயல்பாக நடப்பதில் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவது' என்று படித்தால் பாதிதான் விளங்கும். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைவது, கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பதுபோல் இருக்கிறது. கொடி அசையக் காரணம் காற்று. அதற்கு வேறு காரணத்தைக் கவிஞர் தானே ஏற்றுகிறார். இதைப் பார்த்தபிறகு உவமையோடு குழம்ப மாட்டீர்கள்.

மரபு அணிகளுக்குத் தண்டியலங்காரத்தை உரையோடு வாங்குங்கள். பொருளால் அமையும் அணிகளான பொருளணி 35-உம் உதாரணச் செய்யுளோடு இருக்கின்றன. யாப்புக்கு யாப்பருங்கலக்காரிகை. படிமம், குறியீடு, நனவோடை போன்ற நவீன சொற்களை இவற்றில் தேடவேண்டாம். அவற்றுக்குத் திறனாய்வு நூல்கள்தான்.

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு 1957இல் முதலில் வந்த ஏபிரம்ஸின் 'A Glossary of Literary Terms' என்ற இலக்கியக் கலைச்சொல் கையேடு. அதில் பல சொற்கள் பெரிய கட்டுரைகளுக்குள் ஒளிந்திருக்கும், ஆகவே பின்னால் உள்ள சொல்லடைவிலிருந்து தொடங்குங்கள்.

வாங்கமுதல் யாழ் பொது நூலகத்தில் ஒருதடவை புரட்டிப்பாருங்கள். ஈழத்துத் திறனாய்வு நூல்கள் பல 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இலவசம். கண்ட உதாரணங்களைக் கொப்பியில் சொந்தமாக எழுதுங்கள், போட்டோக்கொப்பி அடிக்காமல்.