ஆடத் தெரிந்தவர் மேடைப் படிப்பைத் தேர்வது எப்படி?

அரங்கேற்றம் முடிந்து பிளஸ் டூவும் எழுதியாயிற்று. இனி ஆட்டத்தோடு பாட்டும் நடிப்பும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கும் கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். மியூசிக்கல் தியேட்டர் என்று பெயர் போட்ட இளநிலைப் பட்டம் நம் பக்கத்தில் கிடையாது. இத்தனைக்கும் ஒரே ஆள் ஆடி, பாடி, வசனமும் பேசுகிற தெருக்கூத்து விடிய விடிய நடக்கும் மண் இது. இசை நாடகத்தை வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்ததும் புதுச்சேரியில்தான். ஆனால் கல்லூரிக்குள் மூன்றும் தனித்தனித் துறைகளாகிவிட்டன. அதனால் எங்கே சேருவது என்பதைக் கல்லூரியின் பெயரைவிட அதன் வார அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள்.

விளக்கக் கையேட்டில் அது இருக்காது. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்து, போன செமஸ்டர் டைம்டேபிளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தியரி வகுப்புகளை அடித்துவிட்டு, மீதியை உடல், குரல், நடிப்பு என்று பிரித்துக் கூட்டுங்கள். ஆட்டப் பயிற்சி வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறைந்தால், வெளியே குருவிடம் தனியாகப் போகும் செலவையும் நேரத்தையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். குரலுக்கு இந்தக் கணக்கு உதவாது. இருபது பேர் சேர்ந்து பாடும் நான்கு மணி நேரத்தைவிட வாரம் அரைமணித் தனி வகுப்பு மேல்; கூட்டத்தில் உங்கள் சுருதி விலகுவது யார் காதிலும் விழாது.

எது உங்களுக்குக் குறை என்பதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டடவு என்ற மூன்று அடிப்படை ஆட்ட அசைவுகளையும் மூன்றாம் காலத்தில் (மிக வேகமான நடையில்) மூன்று நிமிடம் ஆடுங்கள். மூச்சு ஆறவிடாமல் தம்பூரா ஆப்போடு ஒரு பல்லவியைப் பாடி, அப்படியே ஒரு பக்க வசனமும் சொல்லி, எல்லாவற்றையும் போனில் பதியுங்கள். மறுநாள் கேட்டால் தெரியும். வரியின் கடைசிச் சொல் விழுங்கப்பட்டிருந்தால் மூச்சுப் பயிற்சி வேண்டும். சுருதி இறங்கியிருந்தால் குரல் பயிற்சி. எல்லாச் சொல்லும் ஒரே எடையில் வந்திருந்தால் நடிப்பு. அபிநயம் (முகத்தாலும் கையாலும் பொருள் காட்டுவது) நன்றாக வருகிறவர்கள் நடிப்பும் கைவந்துவிட்டது என்று நம்பிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. அபிநயத்தில் சொல்லைச் சுமப்பது பக்கத்தில் உட்கார்ந்து பாடுபவரின் குரல். நாடகத்தில் எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்டு, அதற்கு உங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். தனியாகவே ஆடிப் பழகியவருக்கு அது புதுசு.

இனி இடங்கள். கடலூர்–புதுச்சேரி பஸ் போகும் வழியிலேயே, அரியாங்குப்பத்தில், பாரதியார் பல்கலைக்கூடம். புதுவைப் பல்கலைக்கழக இணைப்பில் பரதநாட்டியத்தையும் இசையையும் பட்டமாகப் படிக்கலாம். ஆட்டத்தை விடாமல், அதே வளாகத்தில் பாட்டு ஆசிரியரும் கிடைப்பது பெரிய லாபம். தினம் போய்வரும் தூரம்தான் என்றாலும் கடலூர்க்காரர் அங்கே வேறு மாநிலத்தவர். சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு) சேர்க்கையில் இருப்பிடச் சான்று பார்ப்பார்கள். அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்று பார்க்காமல் இதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, 2013 முதல் அரசுப் பல்கலைக்கழகம். இசையில் நீண்ட மரபு உண்டு, பரதமும் உண்டு. நாடகத்தை வெளியே தேடிக்கொள்ள வேண்டும்.

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறை நாடகத்துக்கானது. ஆனால் அது இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு, க்யூட் பிஜி என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். பிளஸ் டூ முடித்த கையோடு போய்க் கேட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. அங்கே தரும் உடற்பயிற்சி நடிகருக்கானது, அடவைக் காப்பாற்றாது. எங்கள் கருத்தில், ஆட்டத்தில் இளநிலை, பிறகு காலாப்பட்டு என்ற வரிசைதான் ஆடுகிறவருக்குப் பொருந்தும். தலைகீழாகப் போனால் உடம்பு இறுகும் வயதில் அடவுக்குத் திரும்ப வேண்டிவரும்.

எந்தக் கல்லூரியானாலும் நேரில் போய்ப் பயிற்சி அறையில் குதிகாலால் ஓங்கித் தட்டிப் பாருங்கள். மரத்தளத்துக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் உள்ளிருந்து வரும். கிரானைட், மொசைக், சிமென்ட் என்றால் அதிர்ச்சி முழுக்கத் திரும்ப உங்கள் காலுக்கே. மேலே விரிப்பு போட்டிருந்தாலும் அடியில் கான்கிரீட் கான்கிரீட்தான். முழங்காலும் கணுக்காலும் வலிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். கூடவே கேளுங்கள்: வகுப்புக்கு நட்டுவாங்கமும் (தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்வது) மிருதங்கமும் நேரில் உண்டா, பென் டிரைவா? போன மூன்று ஆண்டு நாடகங்களில் நாட்டிய மாணவர்களுக்கு வசனமுள்ள வேடம் கிடைத்ததா, கூட்டத்தில் நின்று ஆடியதோடு சரியா?

அமெரிக்காவில் மியூசிக்கல் தியேட்டரே படிக்க எண்ணுபவர்கள் பி.எஃப்.ஏ. (கலைப் பயிற்சியை மையமாகக் கொண்ட இளநிலைப் பட்டம்), பி.ஏ. (பொதுவான இளநிலைப் பட்டம்) வித்தியாசத்தைப் பாருங்கள். முன்னதில் பாடங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கலை. பின்னதில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். ஆடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி: உயர்நிலை பாலே, ஜாஸ், டாப் (காலணியால் தாளம் தட்டி ஆடுவது) வகுப்புகளில் நடன மாணவர்களோடு சேர்ந்து ஆட விடுவார்களா? பிட்ஸ்பர்க்கின் பாயிண்ட் பார்க், ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகம் போன்றவை நடனத்துக்கும் பெயர்பெற்றவை.

பல கல்லூரிகள் முதலில் வீடியோ கேட்கும், பிறகு நேர்முகத் தேர்வு. பாட்டு 16 அல்லது 32 பார் (மேற்கத்திய இசையின் தாள அளவு) அளவுக்கு வெட்டியிருக்க வேண்டும். சுருதி சொல்லும்போது கட்டைக் கணக்கு அங்கே புரியாது. ஐந்து கட்டை என்பது பியானோவில் ஜி. நடனத் தேர்வில் அரைமணிக்குள் ஒரு தொகுப்பைச் சொல்லிக்கொடுத்து உடனே ஆடச் சொல்வார்கள். வர்ணம் என்ற நீண்ட உருப்படி ஒன்றை மாதக்கணக்கில் பாடம் பண்ணியவர்கள் தடுமாறுவது இந்த வேகத்தில். எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துக்குப் பழகிய காலுக்குச் சிரமமில்லை, டாப்பில் நம் ஜதி (தாளச் சொற்கட்டு) நன்றாகவே கைகொடுக்கும். பாதத்தை நீட்டி விரல்நுனி கூர்மையாக வைப்பதும், கால்களை இணையாக நிறுத்துவதும்தான் முழங்காலை வெளிப்புறம் மடக்கி அரைமண்டியில் நின்று பழகியவருக்குப் புதிது. குறைந்தது ஓராண்டு பாலே அடிப்படை இல்லாமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

பெரும்பாலும் மே 1க்குள் இடத்தை உறுதிசெய்யச் சொல்வார்கள். முதல் ஆண்டுக்கான உதவித்தொகையை மட்டும் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். நான்கு ஆண்டுக்கும் அதே தொகை உண்டா, மதிப்பெண் எவ்வளவு இறங்கினால் நிறுத்துவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கட்டுங்கள்.