உங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்தில் மதம் நுழைகிறதா? கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் வெள்ளை மாளிகைச் செய்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பள்ளி வாரியத்தின் மாதாந்தரக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். டிவி மதபோதகர் பாட் ராபர்ட்சன் 1989இல் தொடங்கிய கிறிஸ்டியன் கோயலிஷன் என்ற கிறிஸ்தவ அரசியல் அமைப்பு குறிவைத்ததில் இந்தச் சின்ன வாரியப் பதவிகளும் உண்டு, ஏனென்றால் இந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவு.

புதுப் பாடமோ தீர்மானமோ வந்தால் அதன் பழைய வரைவைக் கேட்டு வாங்குங்கள். பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் 2004இல் வாரியம், பரிணாமக் கொள்கையில் ஓட்டைகள் இருப்பதாக மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்கச் சொன்னது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். வாரியம் சிபாரிசு செய்த துணைநூலின் பழைய வரைவுகளில் 'படைப்புவாதிகள்', அதாவது உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்பவர்கள், என்றே இருந்தது. படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அதை அடித்து, உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்கிற 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் பாதி அழிந்து, பழைய சொல்லின் தலையும் வாலும் புதுச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே நின்றது. அந்த ஒரு தட்டச்சுப் பிழை போதும், உள்நோக்கம் தெரிய.

அடுத்து, காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டோவரில் அந்தப் புத்தகங்களுக்கு வாரிய உறுப்பினர் ஒருவர் தன் சர்ச்சில்தான் பணம் திரட்டினார்.

ஒன்றை மறக்காதீர்கள், சண்டை விசுவாசத்தோடு இல்லை. அந்த வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர், வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஜோன்ஸ், குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் சர்ச்சுக்குப் போகிறவருக்கும் காவல்தான், அதனால் கூட்டத்தில் பேசும்போது யாருடைய பைபிளையும் கிண்டல் செய்யாதீர்கள்.

அப்புறம், கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். அரசின் செயலுக்கு மத நோக்கம் உண்டா என்று பார்க்க டோவர் வழக்கில் பயன்பட்ட அளவுகோலை உச்ச நீதிமன்றமே 2022இல் கைவிட்டுவிட்டது. டோவர் மக்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவும் இல்லை. தீர்ப்பு வந்தது 2005 டிசம்பரில். நவம்பரிலேயே, தேர்தலில் நின்ற பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் ஊர் வாரியத் தேர்தல் என்றைக்கு என்று இன்றைக்கே பார்த்துக் குறித்துவையுங்கள்.