நடுவில் தொங்கும் தட்டும் இன்ன பிறவும்: புத்தக அலமாரியை அழகுபடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சித்தப்பா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். புது வீடு, வெள்ளைச் சுவர், அந்தச் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிற்காமல் ஓடும் நாலு தட்டுகள். "எப்படி இருக்கு அக்கா? எதுல எதை வைக்கலாம்?" என்று கேட்டிருந்தான். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் செய்துவைத்த அதே அலமாரி. பெயின்ட் மட்டும் வேறு.

அதற்கப்புறம் என் வீட்டிலும் பிறர் வீடுகளிலும் எத்தனையோ அலமாரிகளைக் கலைத்து அடுக்கியிருக்கிறேன். விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது பிழைப்பாகவே ஆகிவிட்டது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் நான் செய்யாதது என்று ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தூசி தட்டுங்கள், கரையான் வருகிறதா பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

நடுவில் தாங்கல் இல்லாத நீளத் தட்டு

அலமாரி செய்யும்போது எனக்கு ஒரே ஆசைதான்: குறுக்கே எதுவும் இல்லாமல் புத்தகங்கள் ஒரே வரியாக ஓட வேண்டும். அகலம் ஐந்தடி. தச்சர் அளவெடுத்துவிட்டு, "நடுவுல ஒரு தடுப்பு கொடுத்துடலாம் மேடம், புத்தகம்னா கனம் தாங்காது" என்றார். தடுப்பு வந்தால் அழகே போய்விடும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். அப்புறம் "சரி, உங்க இஷ்டம்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முக்கால் இஞ்ச் பிளைவுட், ஐந்து தட்டுகள். முடிந்த அன்று பார்க்க அவ்வளவு லட்சணம்.

சில மாதம் கழித்து ஒரு நாள், கையில் இருந்த பென்சிலைத் தட்டின் முன்விளிம்பில் வைத்துவிட்டு ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பென்சில் மெதுவாக நடுவை நோக்கி உருண்டது. மறுபடி ஓரத்தில் வைத்தேன், மறுபடியும் உருண்டது. சந்தேகம் வந்து, ஒரு நூலை இரண்டு கோடியிலும் இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையே என் ஆள்காட்டி விரல் தாராளமாகப் போய் வந்தது. கிட்டத்தட்ட ஒரு இஞ்ச்.

புத்தகத்தின் கனத்தை யாரும் சரியாக மதிப்பிடுவதில்லை. ஒரு அடி நீளத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, எடை மெஷினில் ஏற்றிப் பாருங்கள். மெல்லிய அட்டை நாவல்கள் ஐந்தாறு கிலோ வரும். கெட்டி அட்டை போட்டவை ஒன்பது, பத்து. வழவழப்பான தாளில் அச்சான பெரிய படப் புத்தகங்கள் 15 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வழவழப்புக்காகத் தாளின்மேல் களிமண்ணோ சுண்ணாம்புப் பொடியோ பூசுகிறார்கள், கனம் அதிலிருந்துதான் வருகிறது. என் ஐந்தடித் தட்டில் எப்படியும் 40 கிலோ இருந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அங்கே ஏறி உட்கார்ந்து, இரவும் பகலும் இறங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்தக் கணக்கு. ஒரே மாதிரிப் புத்தகங்கள் நிறைந்த தட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். அதையே திருப்பிப் போட்டால், நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து ஐந்தடியை இரண்டரை இரண்டரையாகப் பிரித்திருந்தால், என் ஒரு இஞ்சுத் தொய்வு சுமார் ஒன்றரை மில்லிமீட்டரில் அடங்கியிருக்கும். கண்ணுக்கே தெரிந்திருக்காது. "தடிமனான பலகை போட்டுக்கொள்கிறேனே" என்பார்கள். தடிமன் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும், வாஸ்தவம். ஆனால் 16 மடங்கு ஏறிய இடத்தில் எட்டு மடங்கு இறங்கி என்ன பயன்? இன்னும் இரண்டு மடங்கு பாக்கி நிற்கிறது.

நான் அப்போதே நடுவில் ஒரு முட்டுக் கொடுத்து விஷயத்தை முடித்திருக்கலாம். செய்யவில்லை. முதலில் கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன், கீழ்த்தட்டும் தொய்ந்தது. அடுத்து பலகைகளைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். கொஞ்ச நாள் மேடாக இருந்தது, பிறகு சமமானது, பிறகு மறுபடி பள்ளம். மரம் ஒருமுறை வளைந்துவிட்டு அதோடு நிற்பதில்லை. கனம் மேலே இருக்கிறவரை, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். ஈரக்காற்று பட்டால் இன்னும் வேகம். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு இதில் படுமோசம். கடைசியில் ஓரத் திருகுகள் பக்கவாட்டுப் பலகையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. ஐந்து தட்டுகளும் போயின, பக்கப் பலகைகளும் போயின. முழு அலமாரியையும் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. அதே தச்சர்தான் வந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுத்தடுப்புக்கு மட்டும் முதலில் அளவெடுத்தார்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் என்னவென்றால், அந்தத் தடுப்பு அழகைக் கெடுக்கவே இல்லை. முன்விளிம்பிலிருந்து இரண்டு இஞ்ச் உள்ளே தள்ளி, அலமாரியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தார். இரண்டு பக்கமும் புத்தகம் வந்ததும் அது இருக்குமிடமே தெரியவில்லை. எது போய்விடும் என்று பயந்து அடம்பிடித்தேனோ, அது போகவே இல்லை.

ஆகவே அளவு இதுதான். 18 மி.மீ. பிளைவுட் என்றால் தாங்கலுக்குத் தாங்கல் இரண்டரை அடி. முன்விளிம்பில் ஒன்றரை இஞ்ச் மரச்சட்டத்தைச் செங்குத்தாக ஒட்டித் திருகினால் மூன்றடி வரை போகலாம். பார்ட்டிகிள் போர்டு என்றால் இரண்டடி, அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். நடுத்தடுப்புகள் எல்லாத் தட்டிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நேர்க்கோட்டில், தரைவரை வர வேண்டும். அழகுக்காக மேல்தட்டில் இடப்பக்கம், கீழ்த்தட்டில் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால், மேலே உள்ள கனம் முழுக்கக் கீழ்த்தட்டின் வயிற்றில்தான் இறங்கும். சித்தப்பா மகனுக்கு நான் எழுதிய பதிலும் இதுதான்: எதை எங்கே வைப்பது என்பது அப்புறம், முதலில் நடுவில் தாங்கலுக்கு ஒரு பிராக்கெட் போடு.

நிறவாரியாக அடுக்குவது

படத்துக்கு அருமையாக இருக்கும். சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும். நானும் ஒரு முழு நாள் தரையில் உட்கார்ந்து செய்தேன். ஒரே தொகுப்பின் முதல் பாகம் பச்சையில், இரண்டாம் பாகம் ஆரஞ்சில், மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு தோழி இரவல் கேட்ட புத்தகத்தை முக்கால் மணி நேரம் தேடினேன், அட்டை நீலம் என்று நினைவு. உண்மையில் பதிப்பு மாறி மஞ்சள் அட்டையில் வந்திருந்தது.

புத்தகத்தை நிறத்தால் நினைவில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தாராளமாகச் செய்யட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்வது: பொருள்வாரியாகவோ ஆசிரியர்வாரியாகவோ பிரித்துவிட்டு, அந்தச் சின்னக் கூட்டத்துக்குள் மட்டும் நிறம் பாருங்கள். இருபது புத்தகத்துக்குள் தேடுவது யாருக்கும் கஷ்டமில்லை.

புத்தகத்தின் முதுகை, அதாவது பெயர் அச்சான பக்கத்தை, சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது

வேண்டாம்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் அப்படித்தானே வைத்தார்கள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வைத்தார்கள்தான். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டு தேவாலயத்தில் சங்கிலியால் பிணைத்த நூல்கள் இன்றும் தாள்விளிம்பு வெளியே தெரியும்படி நிற்கின்றன. சங்கிலி அட்டையின் முன்விளிம்பில் கோத்திருக்கும், முதுகு வெளியே இருந்தால் எடுக்கும்போது சிக்கிக்கொள்ளும். எந்த நூல் எங்கே என்று அறிய ஒவ்வோர் அலமாரியின் ஓரத்திலும் பட்டியல் வைத்திருந்தார்கள். உங்களிடம் சங்கிலியும் இல்லை, பட்டியலும் இல்லை.

வெயில் விழும் சுவர்

ஜன்னல் வெளிச்சத்தில் அலமாரி ஜொலிக்கும் என்று எதிர்ச்சுவரில் வைத்தேன். ஒரு தட்டில் சிவப்பு முதுகுள்ள தொகுதி வரிசை, அதற்கு முன்னால் சின்ன மரக்குதிரை ஒன்று. இரண்டு வருடம் கழித்துக் குதிரையை நகர்த்தினேன். மற்ற முதுகெல்லாம் வெளிறிய ரோஜா நிறம், குதிரை நின்ற இடத்தில் மட்டும் அதன் காதும் பிடரியும் அப்படியே சிவப்பாக அச்சாகியிருந்தன. அந்தக் குதிரை இன்னும் அந்தப் புத்தகங்களில் நின்றுகொண்டிருக்கிறது.

மங்கிய நிறம் திரும்பாது. சிவப்பும் மஞ்சளும்தான் பொதுவாக முதலில் போகும். கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினால் வேகம் குறையும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நிறத்தைத் தின்னத்தான் செய்யும். ஜன்னலுக்கு எதிரே வைக்காமல், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே பக்கவாட்டில் வைத்தால் நேர்வெயில் விழாது. ஆனால் அது வெளிச்சுவராக இருந்தால், அடுத்ததையும் படியுங்கள்.

சுவரோடு ஒட்டி நெருக்குவது

வெளிச்சுவர் உள்சுவரைவிடக் குளிர்ந்து ஈரம் கோக்கும். அலமாரியைச் சுவரில் அப்பி, புத்தகங்களையும் பின்பலகை வரை தள்ளிவிட்டால் உள்ளே காற்று ஓடாது. முன்னால் பளிச்சென்று இருக்கும், பின்னால் பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்குமேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், பசையைத் தின்னும் வெள்ளிப்பூச்சிக்கும் அப்படியே. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு விரல், புத்தகத்துக்கும் பின்பலகைக்கும் நடுவே இரண்டு விரல். எல்லா முதுகுகளையும் தட்டின் முன்விளிம்பையொட்டி ஒரே கோட்டில் இழுத்து வைத்தால் இந்த இடைவெளி தானாகவே கிடைக்கும். பார்க்கவும் நேர்த்தியாக இருக்கும்.

இறுக்கி நிரப்புவது

ஒரு புத்தகம்கூட நுழையாதபடி அடைத்தால், எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பழைய புத்தகம் ஒவ்வொன்றிலும் கிழிந்திருப்பது அந்த நுனிதான். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் லேசாக உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் உள்ளதை இடுப்பில் பிடித்து எடுக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே. தட்டுக்கு ஒரு கையகலம் காலி விடுங்கள். அடுத்த மாதம் வாங்கப்போகும் புத்தகத்துக்கும் அதுதான் இடம்.

அதற்காகத் தளர்த்திச் சாயவும் விடக் கூடாது, சாய்ந்தே நிற்கும் புத்தகம் கோணிக்கொள்ளும். தட்டின் உயரத்துக்கு அடங்காததைத் தாள்விளிம்பு கீழே வரும்படிக் குப்புற நிறுத்தவும் கூடாது. உள்தாள்களின் கனம் முழுவதும் தையலையும் பசையையும் இழுத்துப் பிய்க்கும். பெரிய படப் புத்தகங்களை நாலைந்து வரை படுக்கவைத்து அடுக்குங்கள். அடுக்கின் மேல் ஒரே ஒரு பொருள் வைத்தால் அழகும் கூடும்.

குட்டிக் குட்டிப் பொம்மைகள்

ஒரு வீட்டில் ஒரே ஒரு புத்தகத்தை எடுக்க நான் ஒன்பது பொருள்களை நகர்த்தினேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான். அந்த வீட்டில் அந்தத் தட்டை யாரும் தொடுவதே இல்லை என்று பிறகு தெரிந்தது. பத்துச் சிறியவற்றுக்குப் பதில் ஒரு பெரியது, அதுவும் புத்தகத்துக்கு முன்னால் வேண்டாம், பக்கத்தில்.

செடி

தண்ணீர் ஊற்ற வேண்டிய எதுவும் புத்தகத்துக்கு மேல்தட்டில் கூடாது.

மெழுகுவர்த்தி

இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

சுவரில் பிணைக்காத உயர அலமாரி

அழகைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் கேட்க விரும்புவதில்லை. ஆனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். குழந்தைக்கு அலமாரி என்பது ஏணி. கீழ்த்தட்டைக் காற்றோட்டமாகக் காலி விட்டு மேல்தட்டில் கெட்டி அட்டைகளை ஏற்றினால், படத்துக்கு லேசாக, மிதப்பதுபோல இருக்கும். கவிழ்வதற்கும் அதுவே வசதி. கனமெல்லாம் கீழே போக வேண்டும்.

உச்சியில் இரண்டு பக்கமும் எல் வடிவ பிராக்கெட் வைத்துச் சுவரில் திருகுங்கள். பின்னால் இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னேன் அல்லவா, அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை இடையில் கொடுத்து, அதன் வழியாகத் திருகு போக வேண்டும். திருகு மேற்பூச்சை மட்டும் கவ்வினால் போதாது, திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளக் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பலகைச் சுவர் என்றால் உள்ளே நிற்கும் சட்டத்தைத் தேடித் திருக வேண்டும். முடிந்ததும், புத்தகம் ஏற்றுவதற்கு முன், உச்சியைப் பிடித்து உங்கள் பக்கம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் கழற்றி மறுபடி போடுங்கள்.